உடைச்சான் வீட்டுப் பங்கு

கூழாவடிக் குளத்து மதகைத் திருகித் திறக்கும் திறப்பு இரண்டு அடி நீளமான இரும்புச் சாவி. ஒரு முனையில் சதுரக் குழி, மறுமுனையில் இரண்டு கையாலும் பிடிக்கக் குறுக்குக் கம்பி. அது யார் வீட்டுச் சுவரில் சாத்தியிருக்கிறதோ அவர்தான் வட்டவிதானை. எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர், எப்போது அடைப்பு என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். தம்பலகாமத்திலிருந்து உள்ளே நாலு மைல் கட்டை தள்ளிக் கிடக்கும் அந்த ஊரில், கிராம சேவகர் சொன்னால் தலையாட்டுவார்கள்; வட்டவிதானை சொன்னால் மண்வெட்டியைத் தோளில் வைப்பார்கள்.

மாசி அறுவடை முடிந்த கையோடு பழைய வட்டவிதானை, தன் முழங்கால் இனி வரம்பில் ஏறாது என்று திறப்பைக் கொண்டுவந்து கமக்காரர் மண்டபத்து மேசையில் வைத்துவிட்டார். சித்திரையில் சிறுபோகச் செய்கை தொடங்க முதல் வேறு ஆள் வேண்டும். கடைசி வாய்க்கால்காரர் பதினெட்டுப் பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: கமலேஸ்வரி.

சொல்லக் காரணம் இருந்தது. கமலேஸ்வரியின் மூன்று ஏக்கர் கடைசி வாய்க்காலின் கடைசியில் இருந்தது. ஒன்பது வருசத்துக்கு முன் புருசனை யானை அடித்துக் கொன்றுவிட்டது. அன்றிலிருந்து வரம்பு கட்டுவதும் மருந்தடிப்பதும் தண்ணீர் பார்ப்பதும் அவளேதான். போன சிறுபோகம் வயல் வெடித்தபோது மற்றவர்கள் அரசாங்கத்தின் கமநலக் கந்தோருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் மதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, நண்டு துளைத்த பொந்து, மாடு மிதித்த கரை என்று பதினேழு கசிவைக் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தாள். நாலாம் நாள் தண்ணீர் வந்தது. இதில் ஒருவரோடும் அவள் சண்டை பிடிக்கவில்லை. அந்த ஊரில் தண்ணீர்க் காரியம் ஒன்று சண்டையில்லாமல் முடிந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் அவள் பிறந்த வளவுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. உடைச்சான் வீடு. அவளுடைய பாட்டனுக்கும் பாட்டன், கோணாமலை என்பவர், குளத்து மதகை உடைத்து ஊர்ப் பயிரை அழித்தாராம். வெள்ளைக்காரன் கோட்டில் வழக்குப் போட்டு மலாக்காவுக்குக் கப்பலில் அனுப்பினானாம். இது நடந்து நூற்றெழுபது வருசத்துக்கு மேல் இருக்கும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் உட்காரும் வாங்கின் கால் முறிந்தாலும் "உடைச்சான் பேத்தியைக் கேளுங்கோ" என்றுதான் பொடியள் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

வாய்ப்பேச்சு பரவாயில்லை. வருசத்துக்கு ஒரு நாள் அது செய்கையிலும் நடக்கும். சித்திரையில் முதல் தண்ணீர் விடும் அன்று மதகடியில் பொங்குவார்கள். பொங்கி இறக்கியதும் குளத்தில் பங்குள்ள வீட்டுக்காரரின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் "வந்தனான்" என்று சொல்லிக் கை நீட்டினால் வெற்றிலையில் பாக்கும் ஒரு பிடி பொங்கலும் வைத்துக் கொடுப்பார்கள். எல்லாரும் வாங்கிய பிறகு, பெயர் சொல்லாமல், ஒரு வெற்றிலையை நிலத்தில் வைப்பார்கள். அது உடைச்சான் வீட்டுப் பங்கு. கமலேஸ்வரியின் தகப்பன் அதைக் குனிந்து எடுத்தார். இப்போது அவள் குனிந்து எடுக்கிறாள்.

கூட்டத்தில் மறுத்து எழும்பியவர் ஞானசேகரம். அவரைக் கெட்ட மனுசன் என்று சொன்னால் என் வாய்தான் வேகும். முப்பது வருசம் குளக்கட்டு வேலைகளில் மண்வேலைக் கங்காணியாக நின்றவர். குளக்கட்டில் எங்கே உள்ளூர ஈரம் ஊறுகிறது என்று செருப்பைக் கழற்றி உள்ளங்காலால் சொல்லிவிடுவார். மதகடிப் பொங்கலில் பெயர் கூப்பிடுகிறவரும் அவர்தான். ஒரே ஒரு குறை, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் திரும்ப விழுங்கத் தெரியாது.

"கமலாவில எனக்கு ஒரு கோவமுமில்லை" என்றார். "வேலைகாரி. அதை ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா உடைச்சான் வீட்டில கொண்டுபோய்த் திறப்பைச் சாத்துறதோ? நாளைக்குக் குளத்துக்கு ஒண்டு நடந்தா, தெரிஞ்சுகொண்டுதானே குடுத்தனீங்கள் எண்டு கேப்பாங்கள்."

"அண்ணை, எங்கட ஆள் என்ன செய்தாரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" கமலேஸ்வரி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"மதகை உடைச்சவர். ஊருக்கே தெரியும்."

"ஊர் கேள்விப்பட்டது. நான் தெரியுமோ எண்டுதான் கேட்டனான்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். ஞானசேகரத்துக்கு முகம் கறுத்தது. அவள் எழும்பினாள்.

"எனக்கும் தெரியாது. ஒரு மாதம் தவணை தாங்கோ. அவர் உண்மையா என்ன செய்தவரெண்டு எழுத்தில கொண்டுவாறன். ஊரைக் கெடுக்கத்தான் செய்தாரெண்டு இருந்தா, நான் வட்டவிதானைக்கு நிக்கமாட்டன். பிறகு ஒருத்தரும் என்ர பேரைச் சொல்லவும் கூடாது."

கூட்டத்தை நடத்த வந்திருந்த கமநல உத்தியோகத்தர் தவணை கொடுத்தார். கையில் வந்த திறப்பை இந்த மனுசி ஏன் தானாகப் பணயம் வைக்கிறாள் என்று கடைசி வாய்க்கால்காரர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

அதே கேள்வியை மகள் கீர்த்தனியும் கேட்டாள். அவள் திருகோணமலையில், துறைமுகத்தடியில் உள்ள ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. அன்று பின்னேரம் பஸ்ஸால் வந்து இறங்கிய கையோடு குசினிக்குள் வந்து நின்றாள். கமலேஸ்வரி விரால் மீனைச் சாம்பலில் உரசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களுக்கு விசரே? அந்தாள் உண்மையாவே பொல்லாத ஆளெண்டு வந்தா?"

"வந்தா ஒதுங்குவன்."

"ஒதுங்கிப்போட்டு?"

"ஒதுங்கிப்போட்டுக் குனிஞ்சு எடுப்பன். இப்ப ஏன் குனியுறனெண்டே தெரியாமக் குனியுறன். அதுதான் இனி ஏலாது, மகள்."

கீர்த்தனி கைப்பையை வைத்துவிட்டு மீனுக்குப் புளி கரைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும் இருவரும் அலுமாரியின் அடித்தட்டிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார்கள். அதற்குள் ஒரு பழைய காணி உறுதிப் பத்திரம் இருந்தது. கோணாமலையின் பெண்சாதி வள்ளியாத்தை 1848ஆம் வருசம் எழுதிக் கொடுத்தது. "என் புருஷன் கோணாமலை கோட்டுத் தீர்ப்பின்படி மலாக்காவுக்கு ஏழு வருஷத் தண்டனையிற் போனபடியாலும், பிள்ளைகளின் சீவனத்துக்கு வேறு வழியில்லாதபடியாலும்" என்று தொடங்கியது. கீழே கையெழுத்து இல்லை; ஒரு குறுக்குக் கீறல் அடையாளம்.

"வருசம் கிடைச்சிட்டுது" என்றாள் கீர்த்தனி. முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு ஆர்வம் வந்தது. "இதுக்கு முன்னம் ஒண்டு ரெண்டு வருசத்துக்குள்ளதான் வழக்கு நடந்திருக்கும். கொழும்பில சுவடிக்கூடத்தில தேடலாம்."

அவள் இரண்டு தடவை கொழும்புக்குப் போனாள். முதல் தடவை கிடைத்த கட்டு முழுக்கக் களவு, மாட்டுக் களவு, கள்ளச்சாராயம், கோணாமலை இல்லை. அங்கே மேசையிலிருந்த உத்தியோகத்தர், "தங்கச்சி, எல்லாரும் தங்கட பரம்பரையில முதலியார் பட்டம் இருக்கோ எண்டுதான் தேடி வருவினம். நீங்கள் கைதியைத் தேடுறியள்" என்று சொல்லிச் சிரித்தாராம். அடுத்த கிழமை இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு திரும்பவும் போனாள்.

அந்த இரண்டு நாளும் கமலேஸ்வரி தார் ரோட்டில் நெல் காயப்போட்டாள். பங்குனி வெயில் உள்ளங்காலில் கொப்புளம் போட்டது. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் காலாலேயே உழுது உழுது நெல்லைப் பிரட்டவேண்டும். கிண்ணியாவிலிருந்து உழவு மெசினோடு வந்து அந்தப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் உழுது கொடுக்கும் கலீலுர் றஹ்மான், நெல்லில் சக்கரம் ஏறாமல் மெசினை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார்.

"என்ன தங்கச்சி, மலாக்காவில இருந்து கடிதம் வந்திச்சா?"

"வரும் நானா. கப்பல் கொஞ்சம் பிந்திப்போச்சு."

"நூத்தெழுவது வருசம் பிந்தின கப்பல். வந்தா எனக்கும் செல்லுங்க. எங்கட மூத்தவாப்பாமாரும் அந்தக் காலத்தில இந்தக் குளத்தடியிலதான் எருமைப்பட்டி வச்சிருந்த. ஒங்கட ஆள் ஒடச்ச தண்ணியில எங்கட எரும எத்தின போனிச்சோ, யாருக்குத் தெரியும்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு கமலேஸ்வரி நெல்லைப் பிரட்டாமல் கொஞ்ச நேரம் நின்றாள். எருமைகள் செத்திருந்தால்? பிள்ளைகள் செத்திருந்தால்? அவள் பயந்துதான் போனாள். அந்தப் பயத்தை மகளிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்த கீர்த்தனி தம்பலகாமத்தில் இறங்கவில்லை. நேரே கந்தோருக்குப் போகவேண்டியிருந்தது. "கிடைச்சிட்டுது, பின்னேரம் வந்து சொல்லுறன்" என்று போன் எடுத்தாள். பின்னேரம் வரை பொறுக்க கமலேஸ்வரியால் ஏலவில்லை. சீலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரம் மகளின் கந்தோர் வாசலில் நின்றாள்.

இருவரும் உட்துறைமுகக் கரையோரம் வாகை மர நிழலில் சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்தார்கள். புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் தாய். எதிரே கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பல் ஒன்று நீலத் தண்ணீரில் அசையாமல் நின்றது. கீர்த்தனி கடதாசிக் கட்டை எடுத்தாள். இங்கிலீசில் சரிந்த கையெழுத்து. அவள் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லத் தாய் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"1846 மார்கழி. ஆறு நாள் விடாமழை. கடைசி நாள் ஒரே ராவில கூழாவடிக் குளக்கட்டின்ர வடக்குக் கோடித் தொங்கலில, யானைக்கல்லுக்குப் பக்கத்தில, கட்டை வெட்டித் தண்ணியைத் திறந்துவிட்டது. அதால அங்கால இருந்த, ஊர் அதிகாரி உடையாரின்ர அம்பது ஏக்கர் விதைப்பு அழிஞ்சது. வழக்கில எதிரி கோணாமலை, கமக்காரன், வயது முப்பது. குற்றவாளியோ எண்டு கேக்க, 'நான்தான் வெட்டினேன்' எண்டிருக்கிறார்."

"ஆக்கள் ஆரும் செத்தவையோ? மாடு கண்டு?"

"இல்லையம்மா. ஒரு உயிரும் போகேல்ல எண்டு உடையாரே சொல்லியிருக்கிறார்."

கமலேஸ்வரி மூச்சை விட்டாள். "சரி, வாசி."

"ஏன் வெட்டினாய் எண்டு கேட்டிருக்கினம். 'தெற்குத் தொங்கல் கசிந்தது. அது போனால் கீழே முப்பத்துமூன்று வீடும் எருமைப்பட்டியும் போகும். உடையாரிடம் போய்ச் சொன்னோம். வடக்கே வெட்டினால் தன் வயல் போகும் என்று மறுத்தார். அதனால் வெட்டினேன்.' பிறகு நிலம் அளக்கிற சேவையர் எழுதின அளவு இருக்கு. பாகமெண்டா ரெண்டு கையும் விரிச்ச ஆறடி. அகலம் நாலு பாகம், ஆழம் ஒண்டரைப் பாகம், கட்டின்ர தடிப்பு மூண்டு பாகம். வெட்டின ரெண்டு பக்கமும் மரக்குத்தி அடிச்சு, கொப்பும் வைக்கோலும் வைச்சுக் கட்டியிருந்ததாம். வெட்டின மண் தெற்குத் தொங்கலில கசிவுக்கு மேல கொட்டிக் கிடந்ததாம்."

"நில்லு" என்றாள் தாய். "அந்த மண்ணைப்பற்றினதைத் திரும்ப வாசி."

கீர்த்தனி திரும்ப வாசித்தாள். கமலேஸ்வரி வாய்க்குள் ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு, "பிள்ளை, யானைக்கல்லடியில இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

கீர்த்தனி நிமிர்ந்தாள். "வான்."

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கட்டை உடைக்காமல் வழிந்து போகக் கட்டிய சீமெந்து வழியைத்தான் அங்கே வான் என்பார்கள். மார்கழியில் வான் பாய்ந்தால் ஊரே சோறு கட்டிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வரும். கோணாமலை மதகைத் தொடவேயில்லை. அவர் வெட்டிய இடத்தைத்தான் பின்னால் வந்த அரசாங்கம் சரியான இடமென்று கண்டு வான் கட்டியிருக்கிறது.

கடைசிக் கடதாசி மலாக்காவிலிருந்து வந்த கைதிகள் பட்டியல். கோணாமலை, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், இடது காற்பெருவிரலில் வெட்டுத் தழும்பு, வேலை கால்வாய் வெட்டு. ஐந்தாம் வருசம் காய்ச்சலில் இறந்தார்.

கமலேஸ்வரி செருப்பிலிருந்து இடது காலை எடுத்தாள். பெருவிரலின் மேல் வெள்ளையாக ஒரு தழும்பு. மண்வெட்டி பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்கும். ஆனாலும் அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துறைமுக வாய்ப் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கடலாலதான் கொண்டுபோயிருப்பாங்கள்."

"ஓமம்மா. இஞ்ச இருந்துதான் கப்பல் எண்டு எழுதியிருக்கு."

"தலைகுனிஞ்சு ஏறியிருக்கமாட்டார்" என்றாள் கமலேஸ்வரி. அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் அது அழுகையில்லை, பெருமை. ஐம்பத்துநாலு வயதில் முதல் தடவையாக அவளுக்குத் தன் வளவின் பெயர் வாயில் இனித்தது.

மறுநாள் காலை கலீலுர் றஹ்மானைக் கூட்டிக்கொண்டு வானடிக்குப் போனாள். தண்ணீர் சீமெந்துக்கு ஒரு முழம் கீழே நின்றது. யானைக்கல்லில் நீர்க்காகம் ஒன்று செட்டையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் கொண்டுபோனாள். பிறகு கையை விரித்து விரித்துப் பாகம் அளந்தாள்.

"நாலு பாகம். ஒரு சாண் கூட" என்றாள்.

"அப்ப வெட்டின அளவிலயேதான் கட்டிரிக்கான். மாஷா அல்லாஹ்." அவர் தொப்பியைச் சரிசெய்தார். "அப்ப எங்கட பட்டியயும் காப்பாத்தினது ஒங்கட ஆள்தான். நான் அண்டைக்கு வாயால வந்ததச் செல்லிட்டன், தங்கச்சி. மனசில வைக்காதீங்க."

"அதை விடுங்கோ நானா. இதைச் சொல்லுங்கோ. இவ்வளவு மண்ணை ஒரு ஆள் ஒரு ராவில வெட்டித் தெற்குத் தொங்கலுக்குச் சுமக்க ஏலுமோ?"

கலீலுர் றஹ்மான் வானைப் பார்த்தார், எட்டத்தில் தெரிந்த தெற்குத் தொங்கலைப் பார்த்தார். "பெரிய மெசின் கொண்டுவந்தாலும் ஒரு பகல் வேணும்."

"அதுதான்" என்று சொல்லிக் கமலேஸ்வரி கயிற்றைச் சுருட்டினாள். "ஆனா இதை நாங்கள் சொல்லிச் சரிவராது. எங்கட ஆளை நாங்கள் தூக்கிப்பிடிக்கிறம் எண்டுதான் சொல்லுவினம். மண்ணைத் தெரிஞ்ச ஆள் சொல்லவேணும்."

மண்ணைத் தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருவர்தான். அவர் அவளுக்கு எதிராக எழும்பியவர்.

தவணைக் கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாத சனம். கீர்த்தனி முன்னே நின்று எல்லாவற்றையும் வாசித்தாள். ஆறு நாள் மழை, உடையார் மறுத்தது, யானைக்கல்லடி, அளவுகள், மண் கிடந்த இடம். வானின் பெயர் வந்ததும் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பிறகு நீதிபதியின் கேள்வி வந்தது. அதை அவள் நிறுத்தி வாசித்தாள்.

"கேள்வி: உன்னோடு யார் யார் நின்றார்கள்? மறுமொழி: நான் தனியே. கேள்வி: பெயர்களைச் சொன்னால் தண்டனை குறையும். உன்னோடு யார் நின்றார்கள்? மறுமொழி: நான் தனியே. மூன்றாம் முறை கேட்டதற்கும் அதே மறுமொழி."

அவள் கடதாசியை மடித்தாள். கமலேஸ்வரி எழும்பினாள்.

"அண்ணை, வெட்டினது எங்கட ஆள்தான். அதை நான் மறைக்கேல்ல. உங்களிட்ட ஒண்டு மட்டும் கேக்கிறன். நாலு பாகம், ஒண்டரைப் பாகம், மூண்டு பாகம். இது எத்தினை ஆள் வேலை?"

ஞானசேகரம் கதிரையிலிருந்து எழும்பவில்லை. கைவிரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அவருக்கு அது என்ன கேள்வி என்று விளங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெடியன், "தண்ணிதானே இழுத்துக்கொண்டு போயிருக்கும், ஒரு ஆள் சின்னனா வெட்டினாக் காணுமே" என்றான்.

ஞானசேகரத்துக்கு அது பொறுக்கவில்லை. ஆளைப்பற்றி யார் என்ன சொன்னாலும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மண்ணைப்பற்றிப் பிழையாகச் சொன்னால் இருக்கமாட்டார்.

"வாயைப் பொத்து" என்றார். "ரெண்டு பக்கமும் குத்தி அடிச்சு வைக்கோல் கட்டினது எதுக்கு? தண்ணி இழுக்காம இருக்கத்தான். அதோட வெட்டின மண் தெற்குத் தொங்கலில கிடந்ததாம். தண்ணி மண்ணைக் கூடையில சுமக்குமோ?"

அவர் எழும்பினார். சுவரோரம் கிடந்த வெண்கட்டியை எடுத்துச் சுவரில் கணக்குப் போடத் தொடங்கினார். பாகத்தை அடியாக்கினார், அடியைப் பெருக்கினார்.

"முப்பத்தெட்டு கியூப் சொச்சம்; நூறு கன அடி ஒரு கியூப். நல்ல வேலைகாரன் ஒருத்தன் ஒரு நாளைக்கு ஒரு கியூப் வெட்டுவான். விடியமுதல் முடிக்கிறதெண்டா நாப்பது மண்வெட்டி வேணும். சுமக்க அதைவிட ரெண்டு மடங்கு ஆள்." அவருடைய குரல் இறங்கியது. "அப்ப ஊரில முப்பத்துமூண்டு வீடு. ஆம்பிளையள் எல்லாரும் வெட்டியிருக்கினம். பொம்பிளையள் எல்லாரும் சுமந்திருக்கினம். ஒரு வீடும் மிச்சமில்லை."

வெண்கட்டி கையிலேயே இருந்தது. சுவரில் எழுதிய கணக்கைத் திரும்ப ஒருக்கால் மேலிருந்து கீழே பார்த்தார். பிழை இருந்தால் கண்டுபிடிக்க அவர் விரும்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கணக்குச் சரியாக இருந்தது.

"எங்கட பூட்டனும் நிண்டிருக்கிறார்" என்றார். "பேரைச் சொன்னா மற்ற ஆக்களையும் கப்பல் ஏத்துவாங்களெண்டு ஊர் வாயைப் பொத்தியிருக்கு. பொத்தின ஆக்கள் அப்பிடியே செத்துப்போக, உடையார் வீட்டில சொன்ன கதைதான் எங்களுக்கு மிஞ்சியிருக்கு. அதை வைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும்..."

மேசையிலிருந்த திறப்பை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து கமலேஸ்வரியிடம் நீட்டினார்.

"பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை."

அறுபத்தெட்டு வருசத்தில் அவர் அப்படி ஒரு வசனம் சொன்னதை அந்த ஊர் கேட்டதில்லை. கமலேஸ்வரி திறப்பை வாங்கினாள். அது நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

"இந்தமுறைப் பொங்கலுக்கு முதல் வெற்றிலை உங்கட கையிலதான்" என்றார் ஞானசேகரம்.

"வேண்டாம் அண்ணை. எப்பவும்போலக் கடைசியா நிலத்திலயே வையுங்கோ."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"அது எனக்குரிய பங்கில்லை. அவருக்குரியது. வந்து எடுக்க அவர் இல்லை, அவ்வளவுதான். ஆனா பேரைச் சொல்லி வையுங்கோ."

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள் மதகடியில் பொங்கல் நடந்தது. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பச்சையரிசியும் பயறும் கொதித்து, பொங்கிய பால் நுரை பானையின் ஒரு பக்கத்தால் வழிந்தது. கலீலுர் றஹ்மான் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கட்டின்மேல் தன் ஆட்களோடு நின்றார். ஞானசேகரம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "வந்தனான்", "வந்தனான்" என்று சொல்லி வாங்கினார்கள். கமலேஸ்வரி மதகின்மேல் திறப்போடு நின்றாள்.

கடைசி வெற்றிலை மிஞ்சியது. ஞானசேகரம் அதில் பாக்கை வைத்தார், பொங்கலை வைத்தார், மற்றவர்களுக்கு வைத்ததைவிட ஒரு பிடி கூடவே வைத்தார். நிமிர்ந்து கூப்பிட்டார்.

"கோணாமலை."

நூற்றெழுபது வருசத்துக்குமேல் அந்தக் குளக்கட்டில் சொல்லப்படாத பெயர். வழமைப்படி, ஆள் வர எடுக்கும் நேரம் அவர் காத்திருந்தார். குளத்துத் தண்ணீர் மதகுக் கல்லில் மெல்ல அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஞானசேகரம் செருப்பைக் கழற்றினார். முழங்காலை ஊன்றிக் குனிந்து வெற்றிலையை நிலத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்லுமாப்போல மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, நீங்கள் தனிய இல்லை. நாங்களும் நிண்டனாங்கள்."

பிறகு எழும்பிக் கமலேஸ்வரியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் திறப்பை மாட்டி, குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இடது காலை ஊன்றித் திருகினாள். தண்ணீர் கடைசி வாய்க்காலை நோக்கிப் புறப்பட்டது.